டார்ச்சை இங்கே அடி

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் என்ன செய்தாய் என்று என்னை யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: டார்ச் பிடித்தேன். என் புருஷன் ராண்டல் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். நான் குனிந்து வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்பேன். "நீ பாக்கறதுக்கா லைட்டு? நான் பாக்கணும்டி! இங்க அடி, இங்க!" என்று கீழேயிருந்து கத்துவான். அமெரிக்காவில் எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் இது ஒன்றும் புதுசில்லை. இந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் அப்பனுக்கோ புருஷனுக்கோ டார்ச் பிடித்துத் திட்டு வாங்கிய கதை ஒன்று வைத்திருப்பாள். ஆனால் டார்ச் பிடிக்கிறவளுக்குக் கண் குருடா என்ன? அவன் எதைக் கழற்றினான், எதை மறந்தான், எதை உடைத்துவிட்டுக் கமுக்கமாக மூடினான், அத்தனையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

விவாகரத்தானபோது டிரக், டிரெய்லர், படகு எல்லாம் அவனுக்குப் போயின. வீடும், வாசலில் நின்ற பழைய நோவா காரும் எனக்கு வந்தன. அந்தக் கார் என் கார். கல்யாணத்துக்கு முன்னால், பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆரம்பித்த முதல் வருஷம், நான் வாங்கியது. தாலி கட்டாத ஊர் இது. மோதிரம் மாற்றின அன்றைக்கே கார்ச் சாவி என் பையிலிருந்து அவன் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. அப்புறம் அது "ராண்டல் கார்" ஆகிவிட்டது. நான் பக்கத்து சீட்டு.

அதைக் கெடுத்ததும் அந்தப் புண்ணியவான்தான். மதுக்கடை வாசலில் கூட்டாளிகள் முன்னால் டயரைத் தேய்த்துப் புகை கிளப்பி வித்தை காட்டினான். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் கிழிந்துபோனது. இன்ஜின் ஒரு பக்கமாக எகிறியது. அந்த அதிர்ச்சியில் புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாய் விரிசல் விட்டது. "இனிமே இது இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு, நீயே வெச்சுக்கோ" என்று நீதிபதி முன்னாலேயே சிரித்தான். நானும் வைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறை ஆரம்பித்ததும் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஒரு செட் புது மவுண்டிங்கும் ஒரு ஜோடி ஹெடரும் வரவழைத்தேன். ஹெடர் என்றால், விரிசல் விட்ட அந்தக் குழாய்க்குப் பதிலாக, இன்ஜினின் இரண்டு பக்கமும் நாலு நாலு குழாயாகப் பிதுங்கி வந்து, கீழே ஒன்றாகக் கூடிப் புகையை வெளியே தள்ளும் சமாச்சாரம். பெட்டியைப் பிரித்தபோது வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. நிதானமாகப் பண்ணலாம் என்று இருந்தேன்.

அதற்குள் திங்கட்கிழமை டவுன் ஆபீஸிலிருந்து லைல் ஃபோகெல் என்ற ஆள் வந்துவிட்டார். ஒல்லியான, நெட்டையான மனுஷர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"மேடம், ஓடாத வண்டிய வீட்டு முன்னாடி வெச்சிருக்கக் கூடாது. புகார் வந்திருக்கு. சனிக்கிழமை மத்தியானம் பன்னண்டு மணிக்கு வருவேன். அது தானா ஸ்டார்ட் ஆகி, தன் சொந்த பலத்துல ரோட்டுக்குப் போகணும். இல்லேன்னா இழுத்துட்டுப் போயி நசுக்கிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரு குடுத்த புகாரு?"

"சொல்லக் கூடாதும்மா."

"நசுக்குறாங்களாம்ல! வாங்க சார், சனிக்கிழமை வாங்க" என்றேன். வாய் வீராப்பாகத்தான் பேசியது. அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காரைத் தூக்கி நாலு ஸ்டாண்டில் நிறுத்தினேன். எதிர்வீட்டு வாண்டா வந்து சேர்ந்தாள். என்னோடு பஸ் ஓட்டுகிறவள். ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் கூப்பிட்டால் ஓடி வருவாள். பழைய புகைக்குழாய்களைக் கழற்றிவிட்டு, இன்ஜின் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்புக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஜாக்கியால் இன்ஜினை மெல்லத் தூக்கினோம். கிழிந்த மவுண்டிங் கையோடு வந்தது, நாய் கடித்த செருப்பு மாதிரி. புதுசை வைத்தேன். இன்ஜினை இறக்கினேன். எல்லா போல்ட்டையும் முழுப்பலம் கொடுத்து முறுக்கினேன். வெள்ளிக்கிழமை காலைக்குள் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அவ்ளோதானாடி? இதுக்கா அந்தாளு வருஷக்கணக்கா கத்தினான்?" என்றாள் வாண்டா.

"அவ்ளோதான்! வெங்காயம்!"

அப்புறம்தான் இடது பக்க ஹெடரைக் கீழேயிருந்து ஏற்றப் பார்த்தேன். ஏறவில்லை. திருப்பினேன், சாய்த்தேன், தலைகீழாக்கினேன், கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கும் இரும்புத் தண்டு குறுக்கே நின்று மறித்தது. கான்கிரீட்டில் மல்லாந்தபடியே எனக்கு உறைத்தது. ஹெடர் உள்ளே போகிறவரைக்கும் மவுண்டிங்கை முறுக்கவே கூடாது. இன்ஜின் தூக்கினபடி இருக்கும்போதே ஹெடரைச் சொருகி, அப்புறம் இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும். ராண்டல் இதே தப்பை இரண்டு தடவை பண்ணியதை டார்ச்சோடு நின்று பார்த்தவள் நான்! அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

"என்னடி ஆச்சு?" என்றாள் வாண்டா.

"எல்லாத்தையும் மறுபடி கழட்டணும்."

"வெங்காயம்னியே?"

"உரிச்சாத்தானே கண்ணு எரியும். ஜாக்கிய எடு."

மறுபடி லூஸ் பண்ணி, இன்ஜினை இரண்டு விரற்கடை தூக்கியதும் ஹெடர் நுழைந்துவிட்டது. ஆனால் மூன்றாவது குழாய் ஸ்டீயரிங் தண்டை உரசிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டால் வளைவில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. உரசும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஹெடரை வெளியே எடுத்து, பழைய டயர்மேல் கிடத்தினேன். கேஸ் பர்னரால் அந்த இடம் சிவக்கும்வரை சூடு காட்டிவிட்டுச் சுத்தியலை ஓங்கினேன்.

வாண்டா அலறினாள். "அடிப்பாவி! புத்தம் புதுசுடி! பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?"

"எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. புது ஹெடர்ல ஒரு சொட்டை விழாம எந்த வண்டியும் ரோட்டுக்குப் போனதில்ல."

"அப்ப செய்யறவனே சொட்டையோட செய்யலாம்ல?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!" என்று ஓங்கிப் போட்டேன். முதல் அடி குழாய்க்கு விழுந்தது. மற்றதெல்லாம் யாருக்கு விழுந்தது என்று வாண்டாவுக்குத் தெரியும். பள்ளம் அழகாக விழுந்தது. மறுபடி மாட்டி ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினேன். குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு விரல் போய் வந்தது.

சனிக்கிழமை காலையில் வலது பக்கமும் ஏறிவிட்டது. மவுண்டிங்கை இந்தத் தடவை முறையாக முறுக்கினேன். மிச்சம் ஒரே ஒரு போல்ட். இடது பக்கம், இரண்டு குழாய்க்கு நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிற போல்ட். ஸ்பேனர் முழுசாகத் திரும்பாது. எலி கொறிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் புகை அந்த வழியாகப் பீறிட்டு இணைப்பை அடைக்கிற கேஸ்கெட் போய்விடும்.

காருக்கு அடியில் மல்லாந்து அதைப் பிடித்தேனோ இல்லையோ, டிரக் சத்தம் கேட்டது. ராண்டல்! பின்னால் காலி டிரெய்லர். ரிவர்ஸ் எடுத்து, என் வீட்டு வாசல் பாதையை மறித்தாற்போல் குறுக்கே நிறுத்தினான்.

"டார்லா, எதுக்கு இந்த வம்பு?" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டு வந்தான். "டிரெய்லர்ல ஏத்திடறேன். கார் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போடு, டவுன்காரன் வாய நான் அடைச்சிடறேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றாள் வாண்டா, இன்ஜின் பக்கம் குனிந்தபடியே.

"உன்ன யாரு கேட்டா?"

"என்ன யாரும் கேக்க வேணாம். நானாத்தான் சொல்லுவேன்."

அதற்குள் லைல் ஃபோகெலும் தொப்பியும் வந்து சேர்ந்தார்கள். மணியைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார். அவரைக் கண்டதும் ராண்டல் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டது. "சார், நான் உதவிக்கு வந்தவன். டார்லா, நீ எந்திரி. ஸ்பேனர இப்படிக் குடுத்துட்டு டார்ச்சப் பிடி. அது உன்னால ஆகாது."

அடியில் படுத்திருந்த எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. வாண்டாவுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. எனக்கும் அப்படித்தான். வெளிச்சம் வேண்டியிருந்ததும் உண்மை. மார்மேல் கிடந்த டார்ச்சை எடுத்துக் காருக்கு வெளியே நீட்டினேன்.

"உதவிக்குத்தானே வந்தே? பிடி."

"என்னது?"

"டார்ச்சப் பிடி ராண்டல். சார் பாத்துட்டிருக்காரு."

அவனால் மறுக்க முடியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து வாங்கிக்கொண்டான். வெளிச்சம் ஆயில் சம்புக்குப் போனது, டயருக்குப் போனது, என் கண்ணுக்கு வந்தது, போல்ட்டுக்கு மட்டும் வரவில்லை.

"நீ பாக்கறதுக்கா லைட்டு?" என்று கத்தினேன். தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "நான் பாக்கணும்! இங்க அடி, இங்க!"

லைல் ஃபோகெல் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். பேச்சை மாற்றுகிறவர் மாதிரி வாண்டாவிடம் சொன்னார்: "பரவால்லியே, புது மவுண்டிங் போட்டுட்டாங்களா? இடது பக்க மவுண்டிங் கிழிஞ்சு கெடக்கு, ஆயுசுக்கும் ஓடாதுன்னில்ல புகார் குடுத்தவர் சொன்னாரு."

வாண்டா நிமிர்ந்தாள். "இடது பக்கம்னே சொன்னாரா? பானெட் போன வாரம் வரைக்கும் மூடியேதானே சார் கெடந்துச்சு. ரோட்டுல போறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

டார்ச் வெளிச்சம் லேசாக ஆடியது. நான் அடியிலிருந்து அவன் முட்டியை மட்டும் பார்த்தேன். இப்போது பழைய நோவா மாடலுக்கு மவுசு கூடிவிட்டது, ஊரே தேடுகிறது என்று டிப்போவில் கேள்விப்பட்டிருந்தேன். இரும்புக் கடைக்கு என்று விட்டுக்கொடுத்ததை, தானே புகாரும் கொடுத்து, நசுக்கிவிடுவார்கள் என்று பயம்காட்டித் திரும்ப வாங்கப் பார்த்திருக்கிறான். என்னைக் கிள்ளுக்கீரை என்று நினைத்துவிட்டான். அழுகை வந்தது எனக்கு. ஆத்திரத்தில் வந்த அழுகை. கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் போல்ட்டை முறுக்கினேன்.

"ஆடாம பிடி" என்றேன். பிடித்தான்.

போல்ட் இறுகியது. ஸ்டாண்டை எடுத்தோம், கார் தரையில் இறங்கியது. பேட்டரி வயரை மாட்டிவிட்டு, என் சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரு முனகல். இன்னொரு முனகல். மூன்றாவதில் பற்றிக்கொண்டது பாருங்கள்! சைலன்சர் இல்லாத வெறும் ஹெடர். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மூன்று வீட்டு நாய்கள் சேர்ந்து குரைத்தன. இன்ஜின் ஆடவில்லை, அசையவில்லை, புது மவுண்டிங் கெட்டியாகப் பிடித்திருந்தது.

லைல் ஃபோகெல் காதைப் பொத்திக்கொண்டு வாட்சைக் காட்டினார். ரோட்டுக்குப் போக வேண்டும். வழியில் டிரெய்லர் நின்றது.

"வண்டிய எடு ராண்டல்!"

பாக்கெட்டைத் தடவினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "சாவிய எங்க வெச்சேன்னு தெரியலியே டார்லா" என்றான். பன்னிரண்டு ஆக இன்னும் இரண்டே நிமிஷம்.

எனக்கு வலது கைப் பக்கம் புல்தரை. அதன் ஓரத்தில் நானே நட்டு வளர்த்த ரோஜாப் பாத்தி. அதற்கு அப்பால் ரோடு. வாண்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பூவுடி!" என்றாள்.

"பூவு மறுபடி பூக்கும்!"

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன். குழாய் உரசவில்லை. புல்லைக் கிழித்துக்கொண்டு, ரோஜாவை மிதித்துக்கொண்டு, நடைபாதை விளிம்பில் ஒரு குதி குதித்து ரோட்டில் இறங்கினேன். தெருவை ஒரு சுற்று சுற்றினேன். யார் யாரோ வாசலுக்கு வந்து நின்றார்கள். பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதுவே எனக்குப் பெரிய சுகமாக இருந்தது.

திரும்பி வந்து புல்தரையிலேயே ஏற்றி, இன்ஜினை அணைக்காமல் கதவைத் திறந்தேன். லைல் ஃபோகெல் குனிந்து, பிய்ந்துபோன புல்லையும் என்னையும் பார்த்தார்.

"ஓடுது, ஒத்துக்கறேன். ஆனா மேடம், புல்லு மேல வண்டிய நிறுத்தறதும் சட்டப்படி தப்பு."

"நிறுத்தலியே சார். ஓடிட்டில்ல இருக்கு!"

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி தன் காருக்குப் போய்விட்டார். ராண்டல் மட்டும் அதே இடத்தில் நின்றான். டிரக் சாவி எப்படியோ அவன் இடது கைக்கு வந்துவிட்டிருந்தது. வலது கையில் டார்ச், உச்சி வெயிலில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கையை நீட்டினேன்.

"குடுத்துட்டுக் கிளம்பு ராண்டல். அதுவும் என்னோடதுதான்."