டீச்சர் சொல்லாமல் விட்ட பாதி

குருவிக்கு ஆறு வயது. வாய் ஓயாமல் பேசுவாள் என்று அவள் அப்பா வைத்த செல்லப் பெயர் அது. பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் வந்தால் பாடப் புத்தகங்கள் பைக்குள் போய்விடும். கஷ்டங்களைத் தாண்டிப் பேரெடுத்த ஒருவருடைய கதையை டீச்சர் சொல்வாள். சொல்லச் சொல்ல, அந்த மனிதருக்கு வந்த ஒவ்வொரு தடைக்கும் ஒரு குட்டி நாற்காலியை வகுப்பின் நடுவே போடுவாள். வறுமைக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று, கேலி செய்தவர்களுக்கு ஒன்று. பிறகு ஒரு பிள்ளை அந்த மனிதராக வேஷம் கட்டி, எல்லா நாற்காலியையும் ஏறி இறங்கிப் போய்க் கரும்பலகையைத் தொட வேண்டும். தொட்டதும் மற்ற பிள்ளைகள் கைதட்டுகிற தட்டில் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் குருவியின் அம்மாவுக்குப் படுத்த இடத்திலிருந்தே தெரியும். அவள் தையல்காரி. இப்போது மெஷினுக்கு உறை போட்டு மூடியாயிற்று. வயிற்றில் வந்த புற்று எங்கெங்கோ பரவிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும். குருவிக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை குருவியின் முறை. தன் அப்பாவின் பட்டறையில் தோல் தைக்கும் ஊசி கண்ணில் குத்திச் சின்ன வயதிலேயே பார்வை போன பையன், வளர்ந்து, கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கப் புள்ளி எழுத்து உண்டாக்கினாரே, அவராக வேஷம் போட்டாள். கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லா நாற்காலியையும் தாண்டினாளாம்.

மறுநாள் காலை அப்பா யாருடைய பிரிட்ஜையோ ரிப்பேர் செய்யப் போயிருந்தார். குருவி வீட்டிலிருந்த ஸ்டூல், முக்காலி, நாற்காலி எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து வாசற்கதவு வரை இழுத்துப் போட்டாள்.

"இது ஊசிம்மா. இது கசப்பு மாத்திரை. அந்தப் பெரிய நாற்காலி இருக்குல்ல, அதுதான் வலி. எல்லாத்தையும் தாண்டிப் போய்க் கதவைத் தொடு."

"கதவுகிட்ட என்னடி இருக்கு?"

"என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற அம்மா."

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். சுவரைப் பிடித்து எழுந்தாள். முதல் ஸ்டூலில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மற்ற கால் வரவில்லை. ஸ்டூலோடு சாய்ந்து தரையில் விழுந்தாள்.

குருவி அழவில்லை. பக்கத்தில் குந்தி, டீச்சர் மாதிரியே தலையைச் சாய்த்துச் சொன்னாள்: "நீ சரியா முயற்சி பண்ணலம்மா. விடாம முயற்சி பண்ணினா எல்லாரும் ஜெயிப்பாங்க."

அம்மாவுக்கு அடிபட்ட இடம் மறந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. போகப் போகிறோம் என்பதை அவள் எப்படியோ பழகிக்கொண்டிருந்தாள். ஆனால் இந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகி, அம்மா அரைமனதாக முயன்றாள், அதனால்தான் என்னை விட்டுப் போனாள் என்று காலமெல்லாம் நினைத்திருக்குமே. அதைப் பழகிக்கொள்ள அவளால் முடியவில்லை.

விஷயம் கேட்டு அவள் கணவர் கொதித்தார். "அந்த டீச்சரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"கேக்க வேணாங்க. கூட்டிட்டு வாங்க."

டீச்சர் நல்ல மனசுக்காரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்ட பிறகு வெகுநேரம் தன் கைப்பையின் வாரையே தடவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களுக்குத் தைரியம் வரட்டும்னுதான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்."

"தப்புன்னு சொல்லல டீச்சர். ஒண்ணு கேக்கிறேன். அந்தப் புள்ளி எழுத்துக்காரர் எப்படிச் செத்தார்?"

"நுரையீரல் நோய். ரொம்ப வருஷம் கஷ்டப்பட்டார். சாகிற வயசே இல்ல, நாப்பத்து மூணுதான். அவர் எழுத்தை அவர் படிச்ச பள்ளிக்கூடமே முறையா ஏத்துக்கிட்டது அவர் போன பிறகுதான்."

"இதைச் சொன்னீங்களா?"

"சின்னப் பிள்ளைங்க. கரும்பலகையைத் தொட்டதோட நிறுத்திடுவேன்."

"என் மக அதுதான் முழுக்கதைன்னு நம்பிட்டா. மிச்சத்தையும் சொல்லிடுங்க. பாதித் துணியை வெட்டிக் கொடுத்துட்டு முழுச் சட்டை தைக்கச் சொன்னா எப்படி?"

"பெத்தவங்க சண்டைக்கு வருவாங்களேம்மா."

"நானும் பெத்தவதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை குருவி சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தாள். பையைக் கழற்றாமலே கட்டிலருகே நின்றாள்.

"அம்மா, அவர் செத்துட்டாராம்."

"ம்."

"முயற்சி பண்ணலையான்னு கேட்டேன். ரொம்பப் பண்ணினாராம். ஒரு நாற்காலி மட்டும் எவ்வளவு நல்லவங்களாலயும் தாண்ட முடியாதாம். சொல்லிட்டு டீச்சர் மூக்கைச் சிந்தினாங்க. சளியாம்."

"நம்பிட்டியா?"

"இல்ல." பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நீ விழுந்தப்போ நல்லாத்தான் முயற்சி பண்ணினியா?"

"என்கிட்ட இருந்த பலத்தையெல்லாம் போட்டுத்தான் காலைத் தூக்கினேன் கண்ணு."

குருவி அம்மாவின் காலைப் போர்வைக்கு மேலே தொட்டுப் பார்த்தாள். மெலிந்து போயிருந்தது. முன்னால் அதைப் பார்க்காதவள் மாதிரி பார்த்தாள்.

"அப்போ நீயும் செத்துடுவியா?"

வாசற்படியில் நின்ற கணவர், வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் அவரையும் பார்த்தாள், பிள்ளையையும் பார்த்தாள்.

"ஆமா கண்ணு. போக மனசே இல்ல. ஆனா ஆமா."

அதன் பிறகு அந்த அறையில் நடந்ததை விரிக்க வேண்டாம். பிள்ளை அழுதது, அம்மாவும் அழுதாள். அழுது முடிந்ததும் பிள்ளைகளுக்கு நேராக ஒரு கேள்வி வருமே, அது வந்தது.

"எனக்கு யாரு தலை பின்னி விடுவா?"

"அப்பாதான். வேற யாரு?"

"அப்பாவுக்குத் தெரியாதே."

"கத்துக்குவார். ஏங்க, இங்க வாங்க. சீப்பை எடுங்க."

குருவியைக் கட்டிலருகே தரையில் உட்கார வைத்து, அவள் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் அப்பா. ஸ்குரூ திருகித் தழும்பேறிய விரல்கள் முடியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தன.

"மூணாப் பிரிங்க. ஓரத்துல இருக்கிறதை நடுவுல கொண்டாங்க. முறுக்காதீங்க, பிரிட்ஜ் வயரா அது?"

"வலிக்குதுப்பா."

"மெதுவாங்க. இப்ப அந்தப் பக்கத்துது."

பின்னல் பாதி வரை வந்து ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள் அம்மா. அவர் அவிழ்த்தார். இரண்டாம் முறை அவளுக்கு மூச்சு வாங்கியது. குரல் இறங்க இறங்க, அவர் தலையைக் கட்டில் பக்கம் தாழ்த்தி, அவள் உதட்டருகே காதை வைத்து, ஒவ்வொரு மடிப்பாகக் கேட்டுக் கேட்டுப் பின்னினார்.