ஒரே வரியில் இரண்டு பாத்தும்மா

கடைசி விசையைத் தட்டிவிட்டுச் சுபைறா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்துகள் மளமளவென்று மேலேறின. கல்முனை நிவாரணக் காரியாலயத்தின் ஒரே கம்பியூட்டர் அது. இரண்டு மாதம் துணி போர்த்திக் கிடந்ததை, நாட்சம்பளத் தட்டச்சுக்காரியான அவள்தான் கையேட்டைக் குடைந்து குடைந்து வசப்படுத்தியிருந்தாள். கறுப்புத் திரையில் கட்டளை எழுதினால் வேலை நடக்கும்; எழுத்துப் பிசகினால் முறைத்துக்கொண்டு நிற்கும். காரியாலயப் பொறுப்பாளர் றஊப் சேரைவிடப் பரவாயில்லை, எந்த வரியில் பிழை என்றாவது சொல்லும்.

வெள்ள நிவாரண அரிசிப் பட்டியலில் நாலாயிரத்துச் சொச்சம் பேர், எல்லாம் இங்கிலீசில், முதலெழுத்தும் பெயரும் வீதியுமாக. பலர் இருமுறை ஏறியிருந்தார்கள். அவள் எழுதிய புரோகிராம் மூன்றே வரி: பெயர்களை வரிசையாக்கு; முந்திய வரியைப் போலவே இருந்தால் விட்டுவிடு; இல்லாவிட்டால் அச்சிடு. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் கழிந்தன. அவளுக்குச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

"நாலு பேர் ஒரு மாசம் பாக்கிற வேலய, தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டீங்களே புள்ள," என்றார் றஊப். அன்றைக்கே பட்டியல் கொழும்புக்குப் போனது.

அடுத்த வாரம் இரண்டு பெண்கள் யன்னலில் வந்து நின்றார்கள். பட்டியலில் ஒரு பாத்தும்மாதான் இருக்கிறதாம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா, ராத்தா?"

"ஓம் புள்ள," என்றாள் மூத்தவள். "எங்கட உம்மாமார் கூடப்பொறந்தவங்க. அவங்கட உம்மா, எங்கட உம்மும்மா, கண்ண மூடி மவுத்தான பொறகு பொறந்த புள்ளைகள் நாங்க. ரெண்டு பேருக்கும் அவட பேரத்தான் வெச்சாங்க. ஒரே வளவுலதான் இரிக்கம்."

"வாப்பாட பேரு?"

"எனக்கு மீராமுகைதீன். இவட வாப்பா முஸ்தபா."

எம். பாத்தும்மா, பள்ளிவாசல் வீதி. இரண்டு பேருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரி. தாய் வளவில் மகள்மாருக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஊர். ஒரே பெயரில் இரண்டு பேத்திகள் இல்லாத தெருவும் ஒழுங்கையும் கிடையாது. பிறந்ததிலிருந்து தெரிந்த இதை, இயந்திரத்துக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

கழிந்தவர்களின் படிவங்களைத் தேடியெடுத்து, வாப்பாமாரின் முழுப் பெயரையும் சேர்த்து மூன்று நாள் தட்டினாள். இருநூற்றெழுபது பேர் பட்டியலுக்குத் திரும்பி வந்தார்கள். தாளை றஊப்பிடம் நீட்டினாள்.

"நானூறு கள்ளப் பேரக் கழிச்சதெண்டு கொழும்பால பாராட்டிக் கடிதம் வந்திரிக்கி," என்றார் அவர். "இப்ப போய் என்னத்தச் சொல்ற?"

"நான்தான் பிழையா எழுதினன் சேர்."

"கம்பியூட்டர் பிழை உடாது புள்ள. நாளைக்கும் வேலைக்கு வாறதுதானே?"

அவள் தாளை மடித்தாள். தன்மீதே வெறுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை அரிசி கொடுத்தார்கள். களஞ்சியக்காரர் பட்டியலை விரித்து வாசித்தார்.

"எம். பாத்தும்மா."

"ஓம்," என்றன இரண்டு குரல்கள். மைப்பெட்டியில் இரண்டு பெருவிரல்கள் தோய்ந்து எழுந்தன. தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது.