மூன்று தரம் கழன்ற டயர்

முதல் தடவை கழன்றபோது டயரைத் திட்டினேன். இரண்டாவது தடவை பம்பைத் திட்டினேன். மூன்றாவது தடவை உள்ளே இருந்த வெள்ளைத் திரவம் கடை முழுக்கத் தெறித்து, என் வீட்டுக்காரர் பாலிஷ் போட்டு வைத்திருந்த ஒரு வக்கீலின் கறுப்பு ஷூ புள்ளிமான் ஆனது. அதற்குப் பிறகுதான் திட்டுவதை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் கடைக்கு ஷட்டர் ஒன்று, தொழில் இரண்டு. இடது பக்கம் அவர் ஷூ, செருப்பு தைக்கிறார். வலது பக்கம் நான் சைக்கிள் பார்க்கிறேன். நடுவில் ஒரு நீள மேசை. யார் சாமான் எல்லை தாண்டியது என்று அதன்மேல் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை மதியம். கழன்றது அவர் தங்கையின் மலைச் சைக்கிளில் முன் டயர். இருபத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் வாலுதான். மறுநாள் காலை மலை மீட்புக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கல்லும் வேருமாகக் கிடக்கும் சரிவில் சைக்கிளில் இறங்கிக் காட்ட வேண்டும். முப்பது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள் என்பதால் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சரிவில் முன் டயர் கழன்றால் வேலை போவது இருக்கட்டும், ஆள் மிஞ்சுவாளா?

இந்த வகை டயரில் டியூப் கிடையாது. டயரின் விளிம்பே ரிம்மைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காற்றைக் காக்க வேண்டும். சின்ன ஓட்டை விழுந்தால் வெள்ளைத் திரவம் அடைத்துவிடும். விளிம்பு பிடி விட்டால் அடைக்க எதுவும் கிடையாது.

“காத்தைக் கம்மியா வச்சா நிக்குதுல்ல அண்ணி? அப்படியே விட்டுடுங்க” என்றாள் வாலு, மூக்கில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டே.

“நிக்கும். நீ கல்லு மேல குதிக்கிற வரைக்கும் நிக்கும்.”

“அப்ப என்னதான் பண்றது?”

“வாயை மூடிக்கிட்டு அந்தத் துணியை எடு.”

முதலில் பம்பில் காற்றழுத்தம் காட்டும் முள்ளைச் சந்தேகப்பட்டேன். அவளுக்கு வேண்டிய முப்பது பவுண்டு என்று காட்டிவிட்டு உள்ளே ஐம்பது ஏற்றியிருந்தால்? பின் சக்கரத்தில் முப்பது ஏற்றி, தனியாக வைத்திருந்த அளவுமானியால் பார்த்தேன். அதுவும் முப்பதுதான் சொன்னது. அடுத்து ரிம்முக்குள் ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவினேன். ஒரே சுற்று, சுருக்கம் இல்லை. ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றிவிட்டுப் பார்த்தேன். நேராகத்தான் ஓடியது.

சரி, ஆளை இடம் மாற்றிப் பார்ப்போம் என்று முன் டயரைப் பின் ரிம்மிலும், பின் டயரை முன் ரிம்மிலும் போட்டேன். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே கம்பெனி டயர்கள். வாலு செருப்பு அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பின் டயர் முன் ரிம்மில் முப்பதுக்கும் அசையாமல் நின்றது. முன் டயர் போன இடத்திலும் இருபத்தாறிலேயே வெடித்துக் கழன்றது. ஆக, ரிம் நிரபராதி.

இரண்டு டயரையும் துடைத்து ஒரே ஆணியில் சேர்த்து மாட்டினேன். முன் டயர் ஒரு விரல் அளவு கீழே தொங்கியது; அதன் சுற்று பெரிது.

“கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்!” என்று வாலு குதித்தாள். நானும் டயர் விற்றவனைக் கிழிகிழியென்று கிழிக்கப் போனை எடுத்துவிட்டேன். ஆனால் எண்ணைத் தேடும்போது என் கட்டைவிரலில் காய்ந்திருந்த புண் கண்ணில் பட்டது.

அது திங்கட்கிழமை வந்த புண். இதே முன் டயரை மாட்டப் போராடித் தோல் உரிந்து, ‘சனியன், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மேசை மேல் எறிந்துவிட்டுப் போனேன். வியாழக்கிழமை மறுபடி எடுத்தபோது வெறும் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது. என் கைக்குப் பலம் கூடிவிட்டது என்று நானே எனக்கு மெடல் குத்திக்கொண்டேன். இப்போது யோசித்தால், இடையில் யாரும் தொடாமல் டயர் எப்படித் தளரும்?

விளிம்பை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். ஒரு இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு அமுங்கியிருந்தது. அதற்கு நேர் எதிரே இன்னொரு பள்ளம், அதே அகலம். யாரோ உள்ளிருந்து இரண்டு பக்கமும் தள்ளியதுபோல இருந்தது. நாலு விரல் அகலத்தில் என்ன இருக்கிறது என்று கடையைச் சுற்றிப் பார்த்தேன். மேசையின் இடது ஓரத்தில், முழங்கால் உயர பூட்ஸை விரிக்க என் வீட்டுக்காரர் தானே செய்த சட்டம் கிடந்தது. இரண்டு மரக்கட்டை, நடுவே ஒரு நீளத் திருகு. கட்டையைப் பள்ளத்தில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

வக்கீலின் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஏங்க, இங்க பாருங்க.”

“பார்த்துட்டுதான் இருக்கேன்” என்றார் ஷூவிடம். பிறகு மெல்ல, “உன் கை ரத்தமா இருந்துச்சு. ஷூ கடிச்சா ரெண்டு நாள் சட்டத்துல மாட்டி வைப்போம்ல, அந்த மாதிரிதான் வச்சேன். நீ வியாழக்கிழமை எவ்வளவு சந்தோஷமா இருந்தே! எப்படிச் சொல்றது?”

“மூணாவது தரம் வெடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“அதனாலதான்னு எனக்கு எப்படித் தெரியும்? லூசா இருந்தா நல்லதுன்னுதானே நினைச்சேன்.”

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. எனக்காகத்தான் செய்திருக்கிறார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“சரி, முன்னாடிக்கு மட்டும் புதுசு போடறேன். பின் டயர்தான் நல்லா நிக்குதே” என்றேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். “அதையும்தான் வச்சேன். ஒரு சாயங்காலம் மட்டும்.”

வாலு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பதுக்கு நின்றதே என்று அந்த டயரைத்தான் நான் நம்பியிருந்தேன்.

ஒரு வாத்தியாருக்காக வரவழைத்த இதே அளவு டயர்கள் இரண்டு உறை பிரிக்காமல் மாடியில் இருந்தன. அவருக்குப் போன் போட்டு இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றைப் பிரித்து அந்தப் பின் டயரோடு சேர்த்து ஆணியில் மாட்டியபோது, நல்லது என்று நினைத்த பின் டயரும் ஒரு நூல் கீழே தொங்கியது. பழைய இரண்டையும் வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி கத்தியால் அறுத்துப்போட்டேன்.

புது டயர்கள் லேசில் ஏறவில்லை. நான் ஒரு பக்கம் அழுத்த, அவர் மறுபக்கம் பிடிக்க, வாலு சக்கரத்தை மடியில் கட்டிக்கொண்டாள். என் கட்டைவிரலில் பழைய புண் மறுபடி கிழிந்தது. காற்று ஏறியதும் இரண்டு விளிம்பும் ‘டக், டக்’ என்று ரிம்மில் உட்கார்ந்தன. முப்பதில் ஒரு மணி நேரம் வைத்துக் கையால் எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் சரிவின் அடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மேலிருந்து வாலு குதித்துக் குதித்து இறங்கினாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நாங்கள் முன் டயரை மட்டும் பார்த்தோம். கடைசிப் பெரிய கல்லில் சக்கரம் ‘டொம்’மென்று விழுந்தபோது அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். டயர் அப்படியே இருந்தது. வாலு எங்களைத் தாண்டிப் போய் பிரேக் போட்டுத் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

பிறகுதான் அவர் என் கட்டைவிரலைக் கவனித்தார்.

“வலிக்குதா?”

“வலிக்குது. அதுக்கு ஒண்ணும் பண்ணாதீங்க.”