இரண்டாம் நம்பர் மேகசின்

நான்காவது ரவுண்டில் இளமதியின் பிஸ்டல் நின்றது. முப்பது வினாடியில் பத்து ரவுண்டு, அதாவது பத்துத் தோட்டா, சுட வேண்டிய பயிற்சி. வரிசையில் இருந்த மற்ற ஐந்து பேரும் சுட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் பிஸ்டலை இலக்கின் பக்கமே நீட்டியபடி இடது கையைத் தூக்கினாள். துப்பாக்கி பழுது, அதைச் சரிசெய்யும் ஆர்மரர் வரவேண்டும் என்று பொருள். அங்கே ஆர்மரர், ஏட்டு திருமுருகன். இளமதியின் கணவன்.

விசில் ஊதி எல்லோரும் சுடுவதை நிறுத்திய பிறகு அவன் போனான். பிஸ்டலின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு முழுதாக மூடாமல் பாதியில் நின்றிருந்தது. உள்ளே அடுத்த தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சாய்ந்து கிடந்தது. தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைப் பிடியிலிருந்து உருவி, ஸ்லைடை இரண்டு தரம் இழுத்துவிட்டான். தோட்டா மணலில் விழுந்தது. "இன்னைக்கி இது மூணாவது தடவ" என்றாள் இளமதி தாழ்ந்த குரலில். "பாக்குறேன்" என்றான். குனிந்து தோட்டாவை எடுக்கும்போதுதான் அவன் தன்னைக் கவனித்தான். உள்ளே ஏதோ லேசாகியிருந்தது. காய்ச்சல் இறங்கிய காலையில் எழுந்து உட்காரும்போது இருக்குமே, அந்த மாதிரி. அது சந்தோஷம் என்று தெரிந்ததும் நிமிர்ந்து யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தான். தூரத்தில் நார்த்தாமலைக் குன்றுகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. யாரும் பார்க்கவில்லை.

எட்டு வருடங்களுக்கு முன்னால் அவனும் சுட்டவன்தான். மாநிலப் போட்டி வரைக்கும் போய் மூன்று புள்ளியில் பதக்கத்தை விட்டு, நான்காவதாக வந்தான். அடுத்த வருடம் மாவட்டத் தேர்வையே தாண்டவில்லை. அதன் பிறகு ஆர்மரர் பயிற்சிக்குப் போய்வந்து, ஆயுத அறையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அதில் அவனுக்குக் குறையில்லை. எந்தத் துப்பாக்கிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான் என்று பெயர் வாங்கியிருந்தான். அதே இடத்தில் போலீஸ் வேலை பார்க்கும் இளமதி, போன வருடம் வரைக்கும் ஆண்டுக்கொருமுறை நடக்கும் கட்டாயச் சுடுபயிற்சியைத் தவிர பிஸ்டலைத் தொட்டவள் இல்லை. அந்தப் பயிற்சியில் பத்து ரவுண்டில் ஒன்பதை ஒரு பத்து ரூபாய்க் காசு மறைக்கும் இடத்துக்குள் போட்டாள். இன்ஸ்பெக்டர் உடையப்பன் அந்த இலக்குத் தாளை எடுத்துவரச் சொல்லி, எல்லோருக்கும் காட்டி, "திரு, வீட்டுக்காரம்மா ஒன்னயத் தூக்கிச் சாப்பிட்டுட்டாங்களேப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதோடு அவர் விடவில்லை. அந்தத் தாளை ஆயுத அறைக் கதவிலேயே ஒட்டச் சொன்னார். ஒட்டியவனும் திருமுருகன்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் பூட்டைத் திறக்கும்போது அந்த ஒன்பது ஓட்டைகளும் அவன் கண்ணுக்கு நேராக இருந்தன. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுவான்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தினமும் காலையில் பயிற்சி, கையடக்கமான காம்பாக்ட் பிஸ்டல் ஒன்று அவள் பெயருக்கே ஒதுக்கீடு, மாநிலப் போட்டிக்கான தேர்வுப் பட்டியலில் இடம். வீட்டுக்கு வந்தால் அதே பேச்சு. "மூச்ச எந்த எடத்துல நிப்பாட்டணுங்க?" என்று அவனிடம்தான் கேட்பாள். சொல்லிக்கொடுப்பான். சொன்ன மறுநாளே அதை அவனைவிட நன்றாகச் செய்துவிடுவாள். அவனுக்கு அது நான்கு வருடம் பிடித்த விஷயமாக இருக்கும்.

பிஸ்டல் மூன்று தடவை நின்ற அன்று மத்தியானம் ஆயுத அறையில் பிஸ்டலைப் பிரித்தான். சுத்தமாக இருந்தது. அவள் எதையும் சுத்தமாகத்தான் வைத்திருப்பாள். ஸ்லைடின் ஸ்பிரிங் சரி. தோட்டா ஏறுகிற சரிவில் பிசிறு இல்லை. நின்றுபோன மூன்று தோட்டாக்களையும் விளக்கடியில் உருட்டிப் பார்த்தான். மூன்றுக்கும் மூக்கில் ஒரே இடத்தில் சின்னக் காயம். அப்படியென்றால் தோட்டாவில் கோளாறில்லை, கொண்டுவந்து கொடுக்கிற மேகசினில். மூன்று மேகசின்களையும் வரிசையாக வைத்து வாயை ஒப்பிட்டான். இரண்டாம் நம்பர் பொறித்ததன் இடது உதடு ஒரு மயிரிழை விரிந்திருந்தது. எப்போதோ சிமெண்டுத் தரையில் வாய்குப்புற விழுந்திருக்க வேண்டும். அதனால் தோட்டா நிமிர்ந்து நிற்காமல் தலை தொங்கி ஏறுகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பழுது என்று சீட்டு எழுதிக் கட்டி, அதைத் தனியே வைத்துவிட்டு, வேறொன்று கொடுக்க வேண்டும். அலமாரியில் புது மேகசின்கள் இருந்தன. சீட்டைக்கூட எடுத்துவிட்டான். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மூடி, இரண்டாம் நம்பரை ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே திரும்ப வைத்தான்.

"பிஸ்டல்ல ஒண்ணுமில்ல" என்றான் சாயங்காலம் அவளிடம். "கைதான். மணிக்கட்டு தளந்துபோகுது. சின்ன பிஸ்டலு, எடை கம்மி. புடி லேசா விட்டாலும் ஸ்லைடு முழுசாப் பின்னால போகாது. அடுத்த ரவுண்ட எடுக்காது."

அது பொய்யில்லை என்பதுதான் அதன் வசதி. அப்படியும் நடக்கும், பலருக்கு நடந்திருக்கிறது. இளமதி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் இறுக்கித்தாங்க புடிக்கிறேன்."

"நீ அப்புடி நெனக்கிற."

அவள் நம்பினாள். பிளாஸ்டிக் குடத்தில் பாதி தண்ணீர் பிடித்து, ஒற்றைக் கையில் நீட்டித் தூக்கியபடி வீட்டுக்குள் நடந்தாள். அடுப்பில் பால் பொங்கும் வரை நிற்கும் நேரத்தில்கூட ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்தாள். ஐந்தாம் நாள் மணிக்கட்டு வீங்கியது. திருமுருகன் தைலம் தடவி, கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டான். "ரொம்பப் போட்டு வருத்தாத" என்றும் சொன்னான். அவன் விரல்களுக்குக் கீழே அவளுடைய நாடி துடித்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "இன்ஸ்பெக்டர் சொல்றாரு, இந்த வருசம் நான் மெடல் கொண்டாந்துருவேன்னு. ஒங்களுக்கு விட்டுப்போனத நான் கொண்டாரேன்" என்றாள் அவள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவன் பேண்டேஜின் நுனியை மடக்கிக் கிளிப்பை மாட்டினான்.

பிஸ்டல் நின்றுகொண்டுதான் இருந்தது. அதைவிட மோசம், அவள் சுடுவதே கெட்டது. நின்றுவிடுமோ என்ற பயத்தில் பிடியை இறுக்க, கை நடுங்கியது. ஒன்பது ரவுண்டும் ஒரு காசுக்குள் விழுந்த இடத்தில் இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. உடையப்பன் தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு ஒனக்கு? இப்புடியே இருந்தா அன்புச்செல்விய அனுப்ப வேண்டியதுதான்" என்றார். அன்புச்செல்வி அவளோடு பயிற்சிக்கு வருகிற மூத்த ஏட்டு. அன்று இளமதி வீட்டில் சமைக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். திருமுருகன் புரோட்டா வாங்கி வந்து தனியாகச் சாப்பிட்டான். ருசியாக இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்னை வெறுத்தான், ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

பதினோராம் நாள் காலை, பயிற்சி முடிந்து ஆயுதங்களை ஒப்படைக்கும் நேரம். கம்பிக் கதவின் சின்ன ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இளமதி நின்றாள். பிஸ்டலை வைத்தாள். ஒன்றாம் நம்பர் மேகசினை வைத்தாள். மூன்றாம் நம்பரை வைத்தாள். இரண்டாம் நம்பரைக் கொஞ்சம் தள்ளி, தனியாக வைத்தாள்.

"இதுல மட்டுந்தான் நிக்கிது" என்றாள். "நாலு நாளா நம்பரப் பாத்துப் பாத்துப் போட்டேன். மத்த ரெண்டுலயும் ஒரு தடவகூட நிக்கல. இன்னைக்கி அன்புச்செல்வி அக்காகிட்ட இதக் குடுத்துச் சுடச் சொன்னேன். அவங்க கையிலயும் நின்னுச்சு."

திருமுருகன் மேகசினை எடுத்து, முதல் தடவை பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பினான். அதற்குமேல் அந்த நடிப்பு ஓடவில்லை. கீழே வைத்துவிட்டான்.

"இதக் கண்டுபுடிக்க எனக்குப் பதினோரு நாளாச்சு" என்றாள் இளமதி. "ஒங்களுக்கு எம்புட்டு நேரமாச்சு?"

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார்கள். அவள் குரல் அவர்களுக்குக் கேட்காத அளவுக்குத்தான் இருந்தது. எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வேலை அதிகம், கவனிக்கவில்லை, மன்னித்துக்கொள் என்றால் அவள் பாதியாவது நம்பியிருப்பாள். ஆனால் அவள் கேட்டது ஆர்மரரை. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவனை. அந்தப் பெயரையும் விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"பத்து நிமிசம்" என்றான்.

அவள் பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். மணிக்கட்டு வீங்கிய கையில் பேனா சரியாக நிற்கவில்லை, கையெழுத்து கோணிக்கொண்டு போனது. "அடுத்த ஆளு வாங்க" என்று அவளே சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவன் பழுதுச் சீட்டை எடுத்தான். மேகசின் நம்பர், கோளாறு, கண்டறிந்த தேதி. தேதியில் வந்து நின்றான். இன்றைய தேதியைப் போட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பதினோரு நாளைக்கு முந்தைய தேதியைப் போட்டான். கீழே தன் பெயரை எழுதி, கொண்டுபோய் உடையப்பனின் மேசையில் வைத்தான். அவர் படித்தார். தேதியை மறுபடி படித்தார். "தெரிஞ்சே குடுத்தியா?" என்றார். "ஆமாங்கய்யா" என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கி ஒரு அவசரத்துல இது நின்னுருந்தா?" என்று கேட்டார். அதை அவன் இந்தப் பதினோரு நாளில் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மறுநாளே மெமோ வந்தது. ஆயுத அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அவனை வாசல் காவலுக்கு மாற்றினார்கள்.

வீட்டில் இளமதி சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், சீருடைக்கு இஸ்திரி போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிஸ்டலைப் பற்றி மட்டும் பேசவில்லை. மூச்சை எங்கே நிறுத்துவது என்று கேட்கவில்லை. மணிக்கட்டுக்கு அவளே பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு பேண்டேஜ் சுற்றினாள். அவன் எழுந்து போனபோது கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மாநிலப் போட்டிக்கான தேர்வு கீரனூருக்கு அருகிலிருந்த சுடுதளத்தில். திருமுருகன் விடுப்புப் போட்டுவிட்டு, வா என்று யாரும் சொல்லாமலே பைக்கில் போய், கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றான். புது ஆர்மரர் மேகசின்களைக் கொடுத்தபோது, இளமதி ஒவ்வொன்றின் வாயையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். இளைஞனான அந்த ஆர்மரர் முகத்தைச் சுருக்கினான். திருமுருகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அவள் சுட்டாள். முதல் சுற்று சுமார். இரண்டாவதில் தோள் இறங்கி, முகம் தளர்ந்து, பழைய இளமதி வந்துவிட்டாள். சத்தம் ஒரே இடைவெளியில், தறி ஓடுவதுபோல் வந்தது. எந்த ரவுண்டும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தில் குறை சொல்ல அவனுக்கு எதுவுமில்லை.

மத்தியானம் பெயர்களை வாசித்தார்கள். தேர்வான மூவரில் அவள் இரண்டாவது. அன்புச்செல்வி அவளைக் கட்டிக்கொண்டாள். திருமுருகன் கயிற்றுக்கு வெளியே நின்று கை தட்டினான். மனசாரத்தான் தட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதே, பழைய பொறாமை மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. அது எங்கும் போகப் போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டே கை தட்டினான்.

அவள் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு சிவந்திருந்தது.

"போலாமா?" என்றான், பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நான் பஸ்ல வாரேன்" என்றாள். "நீங்க போங்க."

புதுக்கோட்டை பஸ் வந்தது. அவள் ஏறி வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிய பிறகு அவனும் கிளம்பினான். சாலை காலியாக இருந்தது, எளிதாக முந்திப் போயிருக்கலாம். பஸ் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் அவனும் பின்னால் ஒரு காலை ஊன்றி நின்றான். ஆட்கள் இறங்கினார்கள், முருங்கைக்காய்க் கட்டோடு ஒருத்தி ஏறினாள், கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பேண்டேஜ் சுற்றிய கை ஒன்று வெளியே தெரிந்தது. புழுதிக்குள் அதையே பார்த்துக்கொண்டு அவன் ஓட்டினான். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கை மட்டும் கம்பியை விட்டு இறங்கி, காற்றில் விரல்களை ஒருமுறை விரித்து மடக்கிவிட்டு, மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டது.