கேட்டவன் பெயரும் சேர்த்து

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் நெல் கொள்முதல் நிலையத்தின் களம் முழுவதும் தெரியும். ஒரு நாளைக்கு நாலு தடவை துணி காயப்போடும் வீடு ஒரத்தநாடு சுற்றுவட்டாரத்திலேயே எங்களுடையதுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். நான் மேலே போகாமல் இருந்திருந்தால் அரசப்பன் கதை யாருக்குத் தெரிந்திருக்கும்?

அரசப்பன் அங்கே காவலாளி. குறுவை, சம்பா நெல் வரும் மாதங்களில் மட்டும்தான் வேலை. விவசாயிகள் கொட்டிவைத்த குவியல்களை மழை தொடாமல் தார்ப்பாய் போட்டு மூடுவது அவன் பொறுப்பு. குணசேகரன் எங்கள் தெருக்காரன், கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எனக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஆனாலும் நாலு பேர் எதிரில் அரசப்பன் அவனை "வாங்க, சொல்லுங்க" என்பான். அவன் தெரு அப்படி, இவன் தெரு இப்படி. களத்தில் தனியாக இருந்தால் மட்டும் "டேய் குணா." காற்று எங்கள் மாடிப் பக்கம்தான் வீசும்.

பங்குனி மாதம், தேர்தல் நேரம். நான் ஒரே துண்டை மூன்றாவது முறையாக உதறிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வேட்பாளர் வர்றாருடா. இந்த வெயில்ல ஜனம் உக்காராது. எட்டு தார்ப்பாய் குடு, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துடறேன்" என்றான் குணசேகரன்.

"கவர்மென்ட் சொத்துடா அது. எலெக்‌ஷன் நேரத்துல கட்சிக் கூட்டத்துக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"யாரு பாக்கப்போறா?"

நான் துண்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"பந்தல்காரன்கிட்ட கேளேன்."

"முகூர்த்த நாள், ஒருத்தன்கிட்டயும் இல்ல. இருபது வருஷத்துல இப்பதான் ஒருத்தர் நம்ம ஊருக்குன்னு வர்றாரு. என் மானம் போயிடும்டா."

அரசப்பன் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். "உனக்காகத்தான் தர்றேன். உன் கட்சிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு சாவியை எடுத்தான்.

ஒவ்வொரு தார்ப்பாயிலும் 'அரசு உடைமை' என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். ரோந்து வரும் அதிகாரிகள் கண்ணில் படக் கூடாதென்று எழுத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினார்கள், அறிவாளிகள். பந்தலுக்குள் உட்கார்ந்த அத்தனை பேர் தலைக்கு மேலும் அரசு உடைமை. "நேர்மையான ஆட்சி" என்று வேட்பாளர் கையைத் தூக்கியபோது அவர் விரல் சரியாக அந்த எழுத்தைத் தொட்டது. முன்வரிசையில் இருந்த நான் ஒரு படம் எடுத்தேன். சிரிக்கத்தான் எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன்.

ஐந்து மணிக்கு வானம் கறுத்தது. களத்தில் எட்டுக் குவியல் திறந்து கிடந்தது. அரசப்பன் பந்தல் ஓரத்தில் நின்று மேலே பார்த்தான், அப்புறம் குணசேகரனைப் பார்த்தான். அவ்வளவுதான். வேட்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே குணசேகரன் தன் கையாலேயே கயிற்றை அறுத்தான். வெள்ளை வேட்டிகள் தார்ப்பாயைத் தலையில் சுமந்துகொண்டு களத்துக்கு ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேட்பாளர் குடையோடு தனியாக நின்றார். ஒரு மணி நெல்கூட நனையவில்லை.

ஆனால் அது என் படத்தில் இல்லையே. குரூப்பிலிருந்து எங்கெங்கோ போய், தேர்தல் புகாராக நின்றது. விசாரிக்க வந்தவர்கள், "யார் கேட்டாங்க?" என்றார்கள். அரசப்பன், "யாரும் கேக்கலைங்க. நானாதான் குடுத்தேன்" என்றான். அன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குறுவைக்குக் கூப்பிடுவார்களா என்பதும் தெரியாது. குணசேகரன் பதவியில் அப்படியே இருந்தான். களத்துப் பக்கம் மட்டும் வருவதில்லை.

அரசப்பன் பெண்சாதி பொன்னுத்தாய் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவந்தாள். "சிநேகிதன் பேரைச் சொல்லியிருந்தா இவருக்குப் பாதி குத்தம்தானே அக்கா? வாயே திறக்க மாட்டேங்கறாரு. அந்தச் சிநேகிதரு ஒருத்தரு, எதிர்ல பாத்தா சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போறாரு." அப்புறம் குரலே மாறாமல், "படம் நல்லா வந்திருந்துச்சுக்கா" என்றாள். எனக்கு அந்தக் கீரை இறங்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு என்று ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை வாசித்து முடித்தார். குணசேகரன் எழுந்தான்.

"இன்னொரு தீர்மானம் எழுதுங்க. அரசாங்கப் பொருளைக் கட்சி வேலைக்குக் குடுத்தவன் மாட்டிக்கறான், கேட்டவன் தப்பிச்சுடறான். கேட்டவன் பேரையும் எழுதி, அவன் எந்தப் பதவியில இருந்தாலும் தண்டிக்கற மாதிரி சட்டத்தைக் கடுமையாக்கணும்னு அரசாங்கத்தைக் கேட்டு எழுதுங்க."

கட்சிக்காரர் ஒருவர் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

"பங்குனியில அரசப்பன்கிட்ட தார்ப்பாய் கேட்டது நான். வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் விடலை. தீர்மானத்துக்குக் கீழ அதையும் எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் உடைந்து வந்தது.

"டேய் குணா, போதும்டா. உக்காருடா."

அத்தனை தலைகளும் திரும்பின. அரசப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பொன்னுத்தாய்தான் முதலில் கை தூக்கினாள். என்னால் எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினேன்.

தீர்மானம் எந்த மேஜையில் தூங்குகிறதோ. ஆனால் குணசேகரன் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்து, எச்சரிக்கையோடு அரசப்பனைக் குறுவைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். குணசேகரன் பதவி ஒரு வாரத்தில் போனது.

போன மாதம் குணசேகரன் மகள் வானதிக்கு நிச்சயதார்த்தம். பந்தல் சாமான் வண்டியில் வந்து இறங்கியது. அவன் நேராக எங்கள் வாசலுக்கு வந்து ஒரு தாளை நீட்டினான்.

"வாடகை ரசீதுக்கா. படம் எடுத்துக்குங்க."

பந்தல் போடும் இடத்திலிருந்து அரசப்பன் கத்தினான்: "அக்காவை ஏன்டா வம்புக்கு இழுக்கறே? வந்து கயித்தைப் பிடி!"

தெருவே கேட்டது. மாடி ஏற வேண்டிய அவசியமே இல்லை.