கலக்காத கரைசலின் வேகம்

நான்கு மாதங்களாக அந்த ஆய்வாளருக்கு ஒரே ஓர் எண் பிடிகொடுக்கவில்லை.

ஆழமற்ற நீண்ட கண்ணாடித் தட்டில் சிவப்புக் கரைசலை ஊற்றி ஒரு முனையில் வினையைத் தொடங்கிவைத்தால், நீல நிறம் கோடு போட்டதுபோல் முன்னேறும். தட்டுக்கு அடியிலுள்ள காந்தங்களைச் சுழற்றிக் கரைசலைக் கலக்கிவிட்டாலோ, அந்தக் கோடு நெளிந்து மடிந்து விரல்விரலாய் நீண்டு ஓடும். கோடு நெளிந்தால் அதன் நீளம் கூடும். வினை நிகழும் இடமும் கூடும். அதனால் வேகமும் கூடும். எத்தனை மடங்கு கூடும் என்பதே அவருடைய ஆய்வு. மடங்கைச் சொல்ல வேண்டுமானால், கலக்காத கரைசலின் வேகம் முதலில் தெரிந்தாக வேண்டும். அங்கேதான் இடித்தது. நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் ஒரு நாள் நான்கு வந்தது. மறுநாள் ஐந்து வந்தது.

மாலை நான்கு மணிக்கு இயக்குநர் இந்த ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிடுவார். இதே ஆய்வில் இன்னொரு குழுவும் மும்முரமாக இருந்தது. இப்போது மணி இரண்டரை. மேசைக்கு அடியிலிருந்த குறுக்குக் கம்பியில் காலை வைத்தபடி, அன்றைய ஏழாவது அளவீட்டுக்கு அவர் தயாரானபோது கதவு தட்டப்பட்டது.

வந்தவர் ஆய்வகத்தின் கண்ணாடிக் கலைஞர். எல்லோரும் அவரை ஊதுகுழல் என்றே அழைப்பார்கள். கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம் இருந்தது.

"வணக்கம் மேடம். என் தட்டு கோணலாமே? 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்'னு இயக்குநருக்கு லெட்டர் போட்டு என் மானத்தையே வாங்கிட்டீங்க."

"மன்னிக்கணும். உங்களைக் குறை சொல்லணும்னு எழுதலைங்க…"

"பின்ன, தட்டு தானா கோணிக்கிச்சா?"

அவர் தட்டின் விளிம்புகள்மேல் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. ஆனால் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

"மட்டம் சரியாத்தான் இருக்கு. இதுக்கு என்ன மேடம், குளிர் ஜுரமா?"

ஆய்வாளர் எழுந்து குனிந்து பார்த்தார். "நடுங்கலையே!"

உட்கார்ந்தார். குமிழி நடுங்கியது. எழுந்தார். நின்றது.

ஊதுகுழல் நிதானமாக மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் உக்காருங்க… ம். தட்டுல ஒரு கோணலும் இல்ல மேடம். உங்க கால்தான் தையல் மிஷின் ஓட்டுது."

ஆய்வாளருக்கு முகம் சுண்டிவிட்டது. காலாட்டலில் சோபா நடுங்குகிறது என்று வீட்டில் அக்கா அடிக்காத நாளில்லை. எண் விலகுகிறதே என்ற பதற்றத்தில் கால் ஆடியிருக்கிறது. கால் ஆட ஆட, அசையாத கரைசல் என்று அவர் நம்பியது அசைந்திருக்கிறது. எண் இன்னும் விலகியிருக்கிறது. அந்த எண்ணால் வகுத்த மடங்குகள் அத்தனையும் பிழை.

"நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆனா அந்த லெட்டரை வாபஸ் வாங்கிடுங்க."

"அதைக் கட்டாயம் செய்யுறேங்க. இன்னொரு உதவி. ஒரே ஒரு தடவை நீங்க அளக்க முடியுமா?"

"அப்போ நீங்க அந்தச் சுவரோரமாப் போய் நில்லுங்க. மேசைப் பக்கம் வரக் கூடாது."

இருபது நிமிடங்கள். நீலக்கோடு நகர்கிறதா இல்லையா என்பதுகூட அங்கிருந்து தெரியவில்லை. ஆய்வாளர் கைகளைக் கட்டினார், அவிழ்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அது ஓடுகிறதா என்று மறுபடி பார்த்தார்.

"அறுபது மில்லிமீட்டர்," என்றார் ஊதுகுழல்.

நிமிடத்துக்குச் சரியாக மூன்று. மகிழ்வதா அழுவதா என்று ஆய்வாளருக்குத் தெரியவில்லை. மணி மூன்றேகால். சொல்லாமல் இருந்தால் கட்டுரை போய்விடும், எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. தொலைபேசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"சார், கட்டுரையை இன்னைக்கு அனுப்ப வேண்டாங்க."

"ஏன்மா? இன்னும் அந்தத் தட்டுக் கோணல்தானா?"

"இல்லைங்க சார். தட்டு சரியா இருக்கு. தப்பு என்னோடது. கலக்காத கரைசலை எல்லாம் திரும்ப அளக்கணும். பதினைஞ்சு நாள் வேணும்."

மறுமுனையில் நாள்காட்டி புரளும் சத்தம் கேட்டது.

"அதுக்குள்ள அவங்க முந்திக்கிட்டா?"

"தெரியும் சார்."

"சரி. பதினைஞ்சுதான். பதினாறு கேக்காத."

தொலைபேசியை வைத்தபோது டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. சுவரோரத்தில் அவருடைய வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஊதுகுழல் தட்டைப் பத்திரமாகத் தூக்கிக் கழுவத் தொட்டிக்குக் கொண்டுபோனார்.

"அங்கேயே ஆட்டிக்கிட்டிருங்க மேடம். அடுத்த அளவும் நானே எடுக்குறேன்."