மலாக்காவுக்கு இரண்டாவது விண்ணப்பம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், யார் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். இராஜம்மா நேரம் பார்த்துச் சொன்னால் தப்பாது என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேர் வேண்டாமென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்வானேன், கேட்க நன்றாகத்தானே இருந்தது!

அதைவிடப் பெரிய பேர் என் மகள் சந்திரகலா. ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பே சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவள். ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷத்துக்குள் அவன் பாஷையான நிப்போங்கோவும் எழுதப் படிக்கப் பழகிவிட்டாள். நாற்பத்து நாலாம் வருஷம், மலாக்காவில் டாக்டர் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், கோலாலம்பூரிலேயே பரீட்சை என்று சேதி வந்தது. அன்றைக்கே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். மரவள்ளிக்கிழங்கு உரிக்கச் சொல்லும்போதும் டாக்டரம்மாதான்.

அந்தப் பரீட்சையை அவள் கோட்டைவிட்டாள். காரணம் நான்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து விழுந்தது. திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். ஜப்பான்காரனோ தோக்கியோ நேரம் என்று ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தான். ராகு எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பான் என்று யாரைக் கேட்பது? எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிட்டேன். புறப்படுகிறவரின் பொருள் ஒன்றை, போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை.

போகிற திசையில் இருந்தது கடைசி வீட்டு ஜுபைதாவின் வீடு. பேனாவை மட்டும் வைத்திருந்தால் போதும். எனக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காதே! பேனாவோடு பரீட்சை அனுமதிச் சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அவள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. கிள்ளானில் தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து, ஜுபைதாவும் புருஷனும் முதல் ரயிலிலேயே போய்விட்டிருந்தார்கள். நானும் மகளும் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். சாவியை எதிர் வீட்டில் கொடுத்திருப்பாளா என்று கேட்டோம், பின்பக்க ஜன்னலைத் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து நானே பூட்டை உடைத்தேன். சந்திரகலா ஓடினாள். ஆனாலும் நாற்பது நிமிஷம் தாமதம். பாவம் பார்த்து உள்ளே விட்டார்களாம்.

தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. "கேள்வி கஷ்டம், எனக்குத் தெரியல" என்று அப்பாவிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டாள். தாமதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஜுபைதாவும், "கள்ளன் உடைச்சிட்டான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், நீங்க கவலப்படாதீங்கக்கா" என்று வாயை மூடிக்கொண்டாள். என் பேரைக் காப்பாற்ற என் மகள் மக்குப் பட்டம் வாங்கிக்கொண்டாள். நான் சும்மா இருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டும் வேலைக்குப் போனாள். வீட்டுக்கு வந்தால், அப்பா கூட்ஸ் ஷெட்டிலிருந்து கொண்டுவரும் பழைய சரக்குப் பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில் எதையாவது எழுதிக்கொண்டோ வரைந்துகொண்டோ இருப்பாள். மனசு ஆறாமல்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போகவே மாட்டேன்.

ஆறு மாசம் கழித்து மறுபடியும் பரீட்சை வந்தது. முன்பு தேறாதவர்களும் எழுதலாம், விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும், மறுநாளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் தம்புசாமிக்கு அன்று லீவு. விண்ணப்பத்தைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒரு தடவ போதும். ஸ்டேஷன்ல நாகையா தினமும் கேக்கிறான், டாக்டரம்மா எப்ப மலாக்கா ரயில் ஏறுறாங்கன்னு. தெரியாத பாடத்த மறுபடி எழுதி மறுபடி தோக்கணுமா? ஆஸ்பத்திரி வேல நல்ல வேலதான். அதையே பாக்கட்டும்."

சந்திரகலா தாளை மேசைமேல் வைத்தாள். இவர் இன்று கையெழுத்துப் போடாவிட்டால் என் பிள்ளை காலம் முழுக்கத் தோற்றவளாகவே இருந்துவிடுவாள் என்று தோன்றியது.

"அவ தோக்கல. நான்தான் தோக்க வெச்சேன்" என்றேன்.

பரஸ்தானம், மஞ்சள் பை, பூட்டு, குழவி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "பேனாவுக்கு ராகுகாலமா? ஏண்டி, உனக்கு மூள இருக்கா இல்லையா? ஆறு மாசமா அந்த நாகையா முன்னால நான் தலையக் குனிஞ்சுகிட்டுப் போறேன். நீ பாட்டுக்கு ஊருக்கெல்லாம் நல்ல நேரம் பாத்துச் சொல்லிக்கிட்டு இருக்க!"

"திட்டுங்க. நல்லா திட்டுங்க. ஆனா கையெழுத்தப் போடுங்க."

"போடாம? என் பிள்ளைக்கு அநியாயம் நடந்திருக்கு. கொண்டா அந்தப் பேப்பர" என்று பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. என் பேர் போனால் போகட்டும், காரியம் முடிந்தது.

சந்திரகலா அந்தத் தாள்மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அப்பா, அதுக்காகப் போடாதீங்க."

"என்னம்மா சொல்ற?"

"நேரத்துக்குப் போயிருந்தாலும் நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன். மூணு கேள்வி எனக்குத் தெரியல. உக்காந்து யோசிச்சுப் பாத்தேன்லா, நிஜமாவே தெரியல. ஜனங்ககிட்ட நான் சொன்னது பொய்யில்ல."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "ஆறு மாசமா என்கிட்ட ஏண்டி சொல்லல? என்னாலதான்னு நான் தினமும் செத்துக்கிட்டிருந்தேனே!"

"நீங்க எங்கம்மா கேட்டீங்க? லேட்டாயிடுச்சு, லேட்டாயிடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ரெண்டு தடவ சொல்ல வந்தேன். உங்க பொண்ணுக்குத் தெரியாத கேள்வி ஒண்ணு இருக்கும்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. பூட்டைப் பற்றி ஆயிரம் தடவை யோசித்த எனக்கு, இவளுக்கு விடை தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் குற்றத்தை நினைத்து அழுததிலும் என் பெருமைதான் இருந்திருக்கிறது.

அவர் பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. "என்ன மூணு கேள்வி?" என்றார்.

"இதயத்துல ரத்தம் எந்தப் பக்கமா உள்ள போய் எந்தப் பக்கமா வெளிய வருதுன்னு ஒண்ணு. உப்புத் தண்ணில போட்ட கிழங்குத் துண்டு ஏன் சுருங்குதுன்னு ஒண்ணு. மூணாவது நிப்போங்கோல எழுதின ஒரு பத்தி. அதுல பாதி எழுத்து நான் பார்த்ததே இல்ல."

கிழங்கு சுருங்கும் என்பது எனக்கே தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

"இப்பத் தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

அவள் உள்ளே போய் அந்தத் தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். நாலு விரல் கனத்துக்கு இருந்தது. சரக்கு மூட்டைகளின் பட்டியலுக்குப் பின்பக்கம், தாளுக்குத் தாள் இதயம். முதல் படங்கள் கோணல்மாணலாக இருந்தன. போகப் போக அம்புக்குறியும் பெயர்களுமாகத் தெளிவாகிவிட்டன. கிழங்குக்கு மட்டும் பதினாறு தாள். அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் ஒதுங்கிப் போன நாளெல்லாம் இவள் இதைச் செய்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு தெரியும்பா. யார் கேட்டாலும் சொல்லுவேன். மூணாவதுல இன்னும் நெறைய எழுத்து பாக்கி. பரீட்சைக்கு அஞ்சு வாரம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "மறுபடி தோத்தாலும் தோக்கலாம். தோத்தா அந்த நாகையா அங்கிள்கிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க குனிய வேணாம். ஆனா எனக்கு எழுதணும்" என்றாள்.

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கூட்ஸ் ஷெட்டில் இருபது வருஷமாக அடுத்தவன் கணக்கில் தப்புக் கண்டுபிடித்த மனிதர். தப்பு ஏதும் அகப்படவில்லை போலிருக்கிறது. அகப்பட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. கடைசித் தாளை வைத்துவிட்டு விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். சம்பளப் புத்தகத்தில் கிறுக்கிவிட்டு வருகிறவர், அன்றைக்குப் பெயரை எழுத்தெழுத்தாக, முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு மை காய ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவள் பிடிவாதம் பிடித்தபோதெல்லாம், எதிர்த்துப் பேசியபோதெல்லாம் அவர் என்னிடம் சொல்கிற ஒரே வார்த்தையைத்தான் அன்றும் சொன்னார். குரல்தான் வேறாக இருந்தது.

"உன் பொண்ணுடி."

எப்போதும் 'உங்க பொண்ணும்தான்' என்று திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஆமா, என் பொண்ணுதான்" என்றேன்.